ஸ்க்ரூ கன்டெய்னர்: எல்லாவற்றையும் ஒரே 7318 15-இல் போடலாமா?

கோவை ஹார்டுவேர்:

வணக்கம். கோவையில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம் செய்கிறோம். இதுவரை மும்பை, சென்னை இறக்குமதியாளர்களிடம் சரக்கு எடுத்து விற்றுக்கொண்டிருந்தோம். இப்போது முதல்முறையாகச் சீனாவிலிருந்து நேரடியாக ஒரு இருபதடி கன்டெய்னர் எடுக்கிறோம், சென்னைத் துறைமுகம் வழியாக. சரக்கு இன்னும் ஏற்றவில்லை.

உள்ளே வரப்போவது: ரூஃபிங் ஷீட்டுக்கு அடிக்கும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ (ரப்பர் வாஷரோடு), ஃபால்ஸ் சீலிங் வேலைக்கான கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ, சிப்போர்டு ஸ்க்ரூ, எம்4, எம்5 மெஷின் ஸ்க்ரூ, நட்டோடு எம்12 ஹெக்ஸ் போல்ட், கொஞ்சம் டின் 571 (ஜெர்மன் தர எண்) கோச் ஸ்க்ரூ. கடைசியாக, ஒரு நூற்பாலை டிராயிங் கொடுத்துச் செய்யச் சொன்ன ஷோல்டர் ஸ்க்ரூ. அது ஸ்பின்னிங் மெஷினில் மட்டும்தான் போடுவது.

சப்ளையர் அனுப்பிய புரோஃபார்மா இன்வாய்ஸில் எல்லாவற்றுக்கும் ஒரே எச்எஸ் கோடு (கஸ்டம்ஸ் சரக்கை வகைப்படுத்தும் எண்), 7318 15. ஒரு புரோக்கர் “அப்படியே போடுங்கள், டியூட்டி எல்லாம் ஒன்றுதான்” என்கிறார். இன்னொருவர் “கூடாது, அயிட்டம் அயிட்டமாகப் பிரிக்க வேண்டும்” என்கிறார். மில்காரர் “எங்களுடையது மெஷின் பார்ட், 8448-இல் போடுங்கள்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?


ராயபுரம் புரோக்கர்:

பிரித்துத்தான் போட வேண்டும். சரக்கு ஏறும் முன்பே கேட்டீர்கள், நல்லது. கப்பல் வந்த பிறகு இந்தக் கேள்வி வந்தால் கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பித் தருவதற்கான டிடென்ஷன் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும், நிதானமாக யோசிக்கவே முடியாது.

முதலில் ஒன்று. சப்ளையர் இன்வாய்ஸில் போடும் கோடு உங்களைக் காப்பாற்றாது. 2011-இலிருந்து சுய மதிப்பீடுதான். கஸ்டம்ஸ் சட்டம் 17-ஆம் பிரிவின்படி சரக்கை வகைப்படுத்த வேண்டியவர் இறக்குமதியாளர். சப்ளையர் அவர் நாட்டில் ஏற்றுமதிக்கு எது வசதியோ அதைப் போட்டிருப்பார். அது அவர் பாடு.

7318-க்குள் எந்த இடம் என்பதை ஸ்க்ரூவின் உடம்பு சொல்லும். முனை எப்படி, மரை எப்படி, தலை எப்படி, எந்தப் பொருளுக்குள் இறங்கப்போகிறது, இந்த நான்கும்தான் கேள்வி. உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகள் இதை நன்றாகவே பிரித்துச் சொல்கின்றன. இரும்பு வேலைக்கான ஸ்க்ரூவும் போல்ட்டும் உருளையாக இருக்கும், மரை நெருக்கமாகவும் சாய்வு குறைவாகவும் இருக்கும், முனை பெரும்பாலும் கூர்மையாக இருக்காது. மர ஸ்க்ரூ நுனி நோக்கிச் சிறுத்துக் கூராகும். மரத்தைக் கடித்துக்கொண்டு போக வேண்டும் என்பதால் மரை அதிகச் சாய்வாக, வெட்டும் விளிம்போடு இருக்கும். நட்டு போடுவதே இல்லை. செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ பார்வைக்கு மர ஸ்க்ரூ போலவே இருக்கும். ஆனால் மெல்லிய தகடு, பளிங்கு, சிலேட்டுக் கல், பிளாஸ்டிக் ஆகியவற்றில் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ளும்.

உங்கள் ரூஃபிங் ஸ்க்ரூ ஒன்றைக் கையில் எடுத்து நுனியைப் பாருங்கள். டிரில் பிட்டின் நுனியை அப்படியே வெட்டி ஒட்டியது போல இருபுறமும் பள்ளம் இருக்கும். அதுதான் முதலில் பர்லினில், அதாவது கூரை ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில், ஓட்டை போடுகிறது. பின்னால் வரும் மரை அந்த ஓட்டைக்குள் தனக்கு மரை வெட்டிக்கொள்கிறது. ஆக இது 7318 14 00, செல்ஃப் டாப்பிங். கோச் ஸ்க்ரூ என்றால் சதுரமோ ஆறுமுகமோ ஆன தலை, ஸ்பேனர் போட்டு மரத்தில் இறக்குவது. டின் 571 அதேதான். 7318 11 90. சிப்போர்டு ஸ்க்ரூ 7318 12 00. எம்12 போல்ட் 7318 15 00. நட்டு அதோடு சேர்ந்து வந்தால் போல்ட்டோடேயே போகும், தனி மூட்டையாக வந்தால் 7318 16 00.

மெஷின் ஸ்க்ரூவும் ஜிப்சம் ஸ்க்ரூவும் கொஞ்சம் பேச வேண்டியவை. மில் ஸ்க்ரூ நிறையவே பேச வேண்டியது. மற்றவர்களும் சொல்லட்டும்.


சௌகார்பேட்டை வியாபாரி:

ராயபுரம் அண்ணே, மரியாதையோடுதான் கேட்கிறேன். 7318 முழுக்க 15 சதவீதம்தானே? 14 என்று போட்டாலும் 15 என்று போட்டாலும் அரசாங்கத்துக்குப் போகிற பணம் ஒன்றுதான். அப்புறம் எதற்கு ஒரு பில் ஆஃப் என்ட்ரியில் (கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) ஏழு வரி?


ராயபுரம் புரோக்கர்:

பணக் கணக்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. அதையே எழுதிவிடுகிறேன், புதியவர்களுக்கு உதவும். அடிப்படை டியூட்டி 2021 பட்ஜெட்டில் 10-இலிருந்து 15 ஆனது. மதிப்பு 100 ரூபாய் என்றால் அடிப்படை டியூட்டி 15, அதன் மேல் சமூக நல சர்சார்ஜ் பத்து சதவீதம் 1.50. ஆக 116.50. இதன் மேல் ஐஜிஎஸ்டி 18 சதவீதம் 20.97. கையிலிருந்து கட்டுவது மொத்தம் 37.47. இதில் ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரியாகத் திரும்ப வரும் என்பதால் உண்மையான சுமை 16.50.

ஆனால் எட்டு இலக்கத்தை நம்பி நிற்பது டியூட்டி மட்டும் இல்லை. 2024 ஜனவரி 3-இல் டிஜிஎஃப்டி, அதாவது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், ஒரு அறிவிப்பு போட்டது. கோச் ஸ்க்ரூ, மெஷின் ஸ்க்ரூ, மர ஸ்க்ரூ, கொக்கி ஸ்க்ரூ, செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ இவற்றின் சிஐஎஃப் விலை (சரக்கு, காப்பீடு, கப்பல் கட்டணம் சேர்ந்தது) கிலோவுக்கு 129 ரூபாய்க்குக் கீழே இருந்தால் இறக்குமதி தடை. 129-உம் அதற்கு மேலும் என்றால் தாராளம். அந்த அட்டவணை எட்டு இலக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. விலை குறைவான ஸ்க்ரூவை வேறு கோட்டில் காட்டினால் டியூட்டி வித்தியாசம் ஒரு பைசா இல்லாவிட்டாலும் அது தடை செய்யப்பட்ட சரக்கு. கஸ்டம்ஸ் சட்டத்தின் 111(டி) பிரிவும் வரும், தவறாகச் சொன்னதற்கு 111(எம்)-உம் வரும். சரக்கே பறிமுதலுக்கு உள்ளாகும்.

அதற்கும் முன்னால், ஸ்டீல் இறக்குமதி கண்காணிப்புப் பதிவு, அதாவது சிம்ஸ். 73-ஆம் அத்தியாயம் முழுக்க அதில் வருகிறது. அங்கே பதிந்த கோடும் பில் ஆஃப் என்ட்ரியின் கோடும் ஒத்துப்போக வேண்டும். அங்கே ஒரே கோடு போட்டுவிட்டு இங்கே பிரித்தால் சரக்கு நிற்கும்.


கோவை ஹார்டுவேர்:

129 விஷயம் எனக்குச் சொல்லவே இல்லை. எங்கள் கன்டெய்னர் சராசரி சிஐஎஃப் கிலோவுக்கு 140-க்கு மேல் வருகிறது. ஆனால் அந்த மில் ஸ்க்ரூ விலை அதிகம், அதுதான் சராசரியைத் தூக்குகிறது. ஜிப்சம் ஸ்க்ரூ மட்டும் பார்த்தால் 129-க்குக் கீழே. சராசரி போதுமா?


ராயபுரம் புரோக்கர்:

போதாது. அயிட்டம் அயிட்டமாகத்தான் பார்ப்பார்கள். பேக்கிங் லிஸ்ட்டில் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் நிகர எடை தனியாக வேண்டும். ஆயிரம் எண்ணம் என்று மட்டும் எழுதிக் கொண்டுவராதீர்கள், ஸ்க்ரூவுக்கு எடைதான் பேச்சு.

சப்ளையரிடம் இதைச் சொன்னால் “இன்வாய்ஸில் 130 என்று போட்டுத் தருகிறேன்” என்பார். வேண்டாம். நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலைதான் 14-ஆம் பிரிவின் கீழ் மதிப்பு. கூட்டிக் காட்டினால் அதிகப்படி பணம் வெளிநாடு போக வேண்டும், இல்லையென்றால் வேறு வழியில் திரும்பி வர வேண்டும். அது அந்நியச் செலாவணிச் சட்டத்தில் போய் முட்டும். விலை வரவில்லை என்றால் ஜிப்சம் ஸ்க்ரூவை இந்தக் கன்டெய்னரில் ஏற்றாதீர்கள். அறிவிப்பின் தற்போதைய நிலையை டிஜிஎஃப்டி தளத்தில் ஏற்றும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.


ஃபால்ஸ் சீலிங் காண்ட்ராக்டர்:

நான் கஸ்டம்ஸ் ஆள் இல்லை, ஆனால் தினமும் ஜிப்சம் ஸ்க்ரூ கையில் புரள்கிறது. அதில் இரண்டு ஜாதி உண்டு. நம் ஊரில் சீலிங்குக்கு ஜிஐ சேனல்தான் ஓடும், அரை மில்லிமீட்டர் தகடு. அதற்கு மரை நெருக்கமாக இருக்கும் ஸ்க்ரூ. மரச் சட்டத்தில் போர்டு அடிக்க மரை அகலமாக இருக்கும் ஸ்க்ரூ. தலை, நிறம், முனை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மரையைப் பார்த்தால்தான் தெரியும். அகல மரை ஸ்க்ரூவை ஜிஐ தகட்டில் போட்டால் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ராயபுரம் சார் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கோடாக இருக்க முடியாதே?


ராயபுரம் புரோக்கர்:

அருமை. இதைத்தான் சொல்ல வந்தேன். நெருக்க மரை தகட்டுக்கானது, 7318 14. அகல மரை மரத்துக்கானது, 7318 12. பல பில்களில் இரண்டும் “டிரைவால் ஸ்க்ரூ” என்ற ஒரே பெயரில் வரும், அதிகாரி விளக்கம் கேட்டுக் கொயரி போடுவார். இன்வாய்ஸ் விவரத்திலேயே “நெருக்க மரை, உலோகச் சட்டத்துக்கு” என்று சப்ளையரை எழுதச் சொல்லுங்கள்.


திருப்பெரும்புதூர் பர்ச்சேஸ்:

இடையில் ஒரு சந்தேகம். நாங்கள் மொபைல் போன் அசெம்பிளிக்கு ஸ்க்ரூ எடுக்கிறோம், 10 சதவீதம்தான் கட்டுகிறோம். அப்படியென்றால் அது 7318 இல்லையா?


ராயபுரம் புரோக்கர்:

7318-தான். 2024 ஜனவரி 30 அறிவிப்பில் மொபைல் போன் தயாரிப்புக்கான பாகங்களுக்கு 15-ஐ 10 ஆக்கினார்கள், பட்டியலில் ஸ்க்ரூவும் இருக்கிறது. அது பயன்பாட்டை வைத்துக் கொடுத்த சலுகை, ஐஜிசிஆர் விதிகளை (சலுகை வரி இறக்குமதிக்கான விதிகள்) பின்பற்றினால்தான் கிடைக்கும். சலுகை வேறு, வகைப்பாடு வேறு. இந்த வித்தியாசம் மில் ஸ்க்ரூவுக்கும் பொருந்தும்.


மில் இன்ஜினியர்:

மில் ஸ்க்ரூ பற்றி நான் பேசுகிறேன். அந்த ஷோல்டர் ஸ்க்ரூவை வேறு எதிலும் போட முடியாது. தலைக்குக் கீழே வழவழவென்று கிரைண்ட் செய்த ஒரு பகுதி, அதன் மேல் ஒரு சின்ன லீவர் ஆடும். அதற்குக் கீழேதான் மரை. கிரைண்ட் செய்த விட்டத்தில் கொஞ்சம் பிசகினாலும் லீவர் தட்டும், நூல் அறும். கடையில் கிடைக்கும் ஸ்க்ரூவை வாங்கி மாட்ட வழியே இல்லை. மெஷின் கம்பெனியின் பார்ட் நம்பர் இருக்கிறது, அவர்கள் கேட்லாக்கில் இருக்கிறது. இதை எப்படிப் பொதுவான ஸ்க்ரூ என்று சொல்வது? 8448 ஜவுளி மெஷின் பாகம்தானே? டியூட்டியும் 15-ஐவிடக் குறைவு.


வரி வழக்கறிஞர்:

உங்கள் நியாயம் புரிகிறது. ஆனால் “பொதுப் பயன்பாட்டுப் பாகம்” என்பது கஸ்டம்ஸ் சட்டத்தில் பேச்சு வழக்குக்கு விட்ட சொல் இல்லை. டாரிஃப் புத்தகத்தில், உலோகங்களுக்கான பதினைந்தாம் பகுதியின் குறிப்பு 2 அதற்குத் தானே வரையறை தருகிறது: 7307, 7312, 7315, 7317, 7318 தலைப்புகளில் வரும் பொருள்கள். ஒரு பொருள் 7318-இல் அடங்கிவிட்டால் அது பொதுப் பயன்பாட்டுப் பாகம்தான். அதை ஒரே ஒரு மெஷினில் மட்டும் போட்டாலும் சரி, உலகத்தில் ஒரே ஒருவர்தான் வாங்கினாலும் சரி. இயந்திரங்களுக்கான பதினாறாம் பகுதியின் குறிப்பு 1(ஜி) அவற்றை வெளியே நிறுத்துகிறது. வாகனங்களுக்கான பதினேழாம் பகுதியின் குறிப்பு 2(பி)-யும் அப்படியே. எனவே 8448-க்குள் போய் “இதற்காகவே செய்தது” என்று வாதாடும் கட்டமே வராது. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தக் குறிப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். எலும்பில் பொருத்தும் மருத்துவ ஸ்க்ரூவை இதிலிருந்து வெளியே எடுத்து மருத்துவப் பொருத்துகளுக்கான 9021-க்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்தபோது, எச்எஸ் 2022 பதிப்பில் குறிப்பையே திருத்த வேண்டி வந்தது. உடலில் பொருத்துவதற்கென்றே தனியாக வடிவமைத்தவை மட்டும் நீங்கலாக என்று எழுதினார்கள். ஜவுளி மெஷினுக்கு அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை.


மில் இன்ஜினியர்:

உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறதே? ஜி.எஸ். ஆட்டோ வழக்கு என்று எங்கள் ஆடிட்டர் குறிப்பிட்டார்.


வரி வழக்கறிஞர்:

ஆம், 2003. ஜி.எஸ். ஆட்டோ இன்டர்நேஷனல். அது மத்திய கலால் வழக்கு. வாகனங்களுக்கென்று செய்த நட்டு, போல்ட் போன்றவை 7318-ஆ, வாகன பாகங்களுக்கான 8708-ஆ என்பது கேள்வி. வணிகத்தில் அந்தப் பொருளை என்னவாக அடையாளம் காண்கிறார்கள், முழுக்கவோ முதன்மையாகவோ எதில் பயன்படுகிறது என்று பார்த்து நீதிமன்றம் 8708 பக்கம் நின்றது. அதை நீங்கள் மேற்கோள் காட்டலாம், பலர் காட்டுகிறார்கள். ஆனால் அதிகாரி பகுதிக் குறிப்பின் வாசகத்தை எடுத்துவைப்பார். இரண்டு பக்கமும் ஆயுதம் இருக்கும் இடத்தில், ஒரு சிறு வியாபாரி தன் முதல் கன்டெய்னரை வைத்து அந்தச் சண்டையைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மில்லுக்கு நிஜமாகவே அக்கறை இருந்தால் அவர்கள் தங்கள் பெயரில், இறக்குமதிக்கு முன்பே வகைப்பாட்டை முடிவு செய்து தரும் முன்கூட்டிய தீர்ப்பு வாங்கட்டும்.

இன்னொரு வாசல் இருக்கிறது, அதையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். பெயரில் ஸ்க்ரூ என்று இருந்தும் 7318-க்குள் வராதவை உண்டு. இயக்கத்தைக் கடத்தும் மரைத் தண்டுகள், அதாவது இணைத்துப் பிடிப்பதற்காக இல்லாமல் மெஷினின் வேலை செய்யும் உறுப்பாகவே இருப்பவை, 84-ஆம் அத்தியாயத்துக்குப் போகும் என்று விளக்கக் குறிப்பே சொல்கிறது. பால் ஸ்க்ரூ (ball screw) 8483 40-இல் பெயரோடு இருக்கிறது. உங்கள் ஷோல்டர் ஸ்க்ரூவில் லீவர் ஆடுகிறது, சரி. ஆனால் ஸ்க்ரூ தான் நகர்ந்து எதையும் நகர்த்துவதில்லை. லீவரை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. மரை செய்யும் வேலை இறுக்குவது மட்டும்தான். என் பார்வையில் இது 7318 15.


மில் இன்ஜினியர்:

விளக்கத்துக்கு நன்றி. லீவர் ஆடுவதும் ஸ்க்ரூ வேலை செய்வதும் வேறு வேறு என்பதை நான் இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. நிர்வாகத்திடம் சொல்கிறேன்.


நியூ ஜெர்சி தமிழன்:

இங்கே நிலைமையைச் சொன்னால் சுவாரசியமாக இருக்கும். அமெரிக்க டாரிஃபில் 7318 15-க்குள்ளேயே போல்ட் தனி, ஸ்க்ரூ தனி. போல்ட்டுக்கு அடிப்படை டியூட்டி இல்லை. ஆறு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டம் உள்ள ஸ்க்ரூவுக்கு 8.5 சதவீதம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றே, ஆறுமுகத் தலை, மெட்ரிக் மரை. இதற்காகவே கஸ்டம்ஸ் ஒரு தனிக் கையேடு வெளியிட்டிருக்கிறது. 2001-இல் ராக்னெல் ஃபாஸ்ட்னர் வழக்கு ஃபெடரல் சர்க்கியூட் வரை போனது. நட்டைத் திருகி இறுக்க வடிவமைத்ததா, தலையைத் திருகி இறுக்க வடிவமைத்ததா என்ற தொழில்தர வரையறையை வைத்து நீதிமன்றம் அவற்றை ஸ்க்ரூ என்றது. இறக்குமதியாளர் போல்ட் என்று கேட்டிருந்தார். இந்தியாவிலிருந்து இங்கே அனுப்பும் ஃபாஸ்ட்னர் கம்பெனிகள் இந்த வித்தியாசத்தை டிராயிங்கிலேயே காட்டிவிடுவது நல்லது.


சௌகார்பேட்டை வியாபாரி:

நல்ல தகவல். மெஷின் ஸ்க்ரூவுக்கு வருவோம். நம் டாரிஃபில் 7318 11 10 என்று “மெஷின் ஸ்க்ரூ” பெயரோடு இருக்கிறது. எம்4 பான் ஹெட் மெஷின் ஸ்க்ரூ அங்கேதானே போக வேண்டும்? பெயர் சொல்லிக் கூப்பிடும்போது வேறு இடம் எதற்கு?


வரி வழக்கறிஞர்:

இந்திய டாரிஃபில் எனக்கு நெடுநாளாக உறுத்தும் இடம் இது. புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் இருக்கும் சிறு கோடுகளை (டேஷ்) எண்ணிப் பாருங்கள். ஒரு கோடு: மரை உள்ள பொருள்கள். இரண்டு கோடு: கோச் ஸ்க்ரூ, 7318 11. அதற்கு உள்ளே மூன்று கோடு: மெஷின் ஸ்க்ரூ 7318 11 10, மற்றவை 7318 11 90. டாரிஃபை எப்படிப் படிப்பது என்று சொல்லும் பொது விளக்க விதிகளில் விதி 6 என்ன சொல்கிறது? ஒரே நிலையில் இருப்பவற்றைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். முதலில் இரண்டு கோட்டு நிலையில் முடிவு செய்ய வேண்டும். அங்கே கேள்வி: எம்4 ஸ்க்ரூ கோச் ஸ்க்ரூவா? கோச் ஸ்க்ரூ மரத்தில் ஸ்பேனரால் இறக்கும் தடித்த ஸ்க்ரூ. எம்4 பான் ஹெட் உருளையானது, முனை மழுங்கியது, ஏற்கெனவே மரை வெட்டிய ஓட்டையில் போடுவது. அது 7318 11-க்குள் நுழையவே முடியாது. நுழைய முடியாதபோது உள்ளே எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் பயனில்லை. எனவே 7318 15 00.


ராயபுரம் புரோக்கர்:

சட்டப்படி வக்கீல் சார் சொல்வது முழுக்கச் சரி, நானும் அப்படித்தான் ஃபைல் செய்வேன். நடைமுறையில் ஒரு வார்த்தை. ஃபேஸ்லெஸ், அதாவது நேரில் பார்க்காமல் கணினி வழியாகச் செய்யும் மதிப்பீடு, வந்ததிலிருந்து சென்னையில் போடும் பில் வேறு ஊர் அதிகாரியின் திரைக்குப் போகலாம். அவர் கையில் ஸ்க்ரூ இருக்காது. “மெஷின் ஸ்க்ரூ” என்ற சொல்லைப் பார்ப்பார், 11 10 இருக்கிறதே என்று கொயரி போடுவார். டியூட்டி இரண்டிலும் ஒன்று. கிலோ 129-க்கு மேல் விலையும் இருந்துவிட்டால் இந்தத் தகராறில் யாருக்கும் இழப்பு இல்லை. விதி 6-ஐக் குறிப்பிட்டு இரண்டு வரி பதில், அளவோடு ஒரு டிராயிங், பக்கவாட்டில் எடுத்த ஒரு போட்டோ. மூன்றையும் ஆரம்பத்திலேயே ஈ-சஞ்சித்தில் (கஸ்டம்ஸின் ஆவணப் பதிவேற்றத் தளம்) ஏற்றிவிடுங்கள். கொயரி வந்த பிறகு சீனாவுக்கு மெயில் போட்டு டிராயிங் கேட்டால் நாலு நாள் போய்விடும்.


சௌகார்பேட்டை வியாபாரி:

ரூஃபிங் ஸ்க்ரூவில் ரப்பர் வாஷர் ஒட்டி வருகிறது. 7318 15-இன் வாசகத்தில்தான் “நட்டு, வாஷர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்” என்று இருக்கிறது. 14-இல் வாஷர் என்ற சொல்லே இல்லை. வாஷர் இருப்பதால் 15-க்குப் போகாதா?


வரி வழக்கறிஞர்:

கூர்மையான கேள்வி. போகாது. 15-இன் முதல் சொல் “மற்ற” ஸ்க்ரூக்கள். முன்னால் வந்த எதிலும் அடங்காதவற்றுக்கான இடம் அது. வாஷரைச் சேர்த்துக்கொள்ளும் வாசகம், 15-க்கு ஏற்கெனவே வந்து சேர்ந்த சரக்குக்கு. ரூஃபிங் ஸ்க்ரூவின் தன்மையைத் தருவது டிரில் முனையும் வெட்டும் மரையும். வாஷர் மழைத் தண்ணீர் இறங்காமல் காக்கும் துணை. மொத்தமாகப் பார்த்தாலும் அது செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூதான்.


கோவை ஹார்டுவேர்:

சப்ளையர் இன்னொரு யோசனை சொல்கிறார். ஜிப்சம் ஸ்க்ரூவை மலேசியா வழியாக அனுப்பினால் அங்கே உற்பத்தியானது என்று ஆசியான் சான்றிதழ் கிடைக்கும், டியூட்டி குறையும், 129-க்கும் விலையை ஈடுகட்டலாம் என்கிறார். செய்யலாமா?


ராயபுரம் புரோக்கர்:

தயவுசெய்து வேண்டாம். ஆசியான் ஒப்பந்தத்தில் பொது விதி இரண்டையும் கேட்கிறது: 35 சதவீத உள்மதிப்பும் (ஒப்பந்த நாடுகளுக்குள் உருவான மதிப்பு) வேண்டும், ஆறு இலக்க நிலையில் கோடும் மாற வேண்டும். மலேசியாவில் கம்பி வாங்கி ஸ்க்ரூ செய்தால் கோடு மாறும். சீன ஸ்க்ரூவை இறக்கிப் பெட்டி மாற்றினால் எதுவுமே மாறவில்லை. மரை வெட்டாத பிளாங்க் கொண்டுபோய் அங்கே மரை வெட்டினேன் என்பார்கள். விளக்க விதி 2(ஏ)-படி, முழுமையடையாத பொருளில் முழுப் பொருளின் தன்மை வந்துவிட்டால் அதுவும் அதே இடம்தான்.

2020 செப்டம்பர் 21 முதல், சரக்கு எங்கே உற்பத்தியானது என்பதைச் சரிபார்க்கும் கேரோட்டார் விதிகள் நடப்பில் இருக்கின்றன. கஸ்டம்ஸ் சட்டம் 28டிஏ பிரிவின்படி உற்பத்தி விவரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். “சான்றிதழ் சப்ளையர் கொடுத்தது, எனக்குத் தெரியாது” என்று சொல்ல முடியாது. அதோடு ஃபாஸ்ட்னர் என்றாலே அதிகாரிகளுக்கு இந்தப் பாதை பழக்கமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் சீன ஃபாஸ்ட்னர்களுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. சரக்கு மலேசியா வழியாக வரத் தொடங்கியதும் 2011-இல் அதையும் சேர்த்துக்கொண்டது. உலக வர்த்தக அமைப்பில் தோற்று 2016-இல் எடுத்தார்கள். 2022-இல் மறுபடி 22.1 முதல் 86.5 சதவீதம் வரை போட்டார்கள். ஸ்க்ரூவுக்கு இப்படி ஒரு சரித்திரம் இருக்கும்போது உங்கள் முதல் கன்டெய்னரே சந்தேகப் பட்டியலில் ஏறக் கூடாது.


ஈரோடு வாசகர்:

ஒருவேளை அதிகாரி நம் வகைப்பாட்டை ஏற்காவிட்டால்? கட்டிவிட்டுப் பின்னால் ரீஃபண்ட் கேட்கலாமா?


வரி வழக்கறிஞர்:

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஐடிசி வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சுய மதிப்பீடும் ஒரு மதிப்பீட்டு உத்தரவுதான். அதை மாற்றாமல் நேராக ரீஃபண்ட் விண்ணப்பம் போட முடியாது. ஆகவே அதிகாரி மாற்றினால், ஒப்புக்கொண்டதாக எழுதிக் கொடுக்காதீர்கள். 17(5)-இன் கீழ் காரணங்களோடு எழுத்து உத்தரவு கேளுங்கள், பதினைந்து நாளில் தர வேண்டும். அதன் மேல் அறுபது நாளுக்குள் கமிஷனர் அப்பீல்ஸ். சரக்கு அவசரம் என்றால் 18-ஆம் பிரிவில் பாண்டு கொடுத்துத் தற்காலிக மதிப்பீட்டில் எடுக்கலாம்.

தவறு நம் பக்கம் இருந்தால் 28-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை பின்னோக்கி வசூலிக்கலாம், வேண்டுமென்றே மறைத்ததாக நிரூபித்தால் ஐந்து வருடம். வட்டி 15 சதவீதம். மறைத்தது என்று ஆகிவிட்டால் 114ஏ-யில் டியூட்டிக்குச் சமமான அபராதமும் வரும். அதனால்தான் விவரத்தை முழுசாக எழுதச் சொல்கிறேன். கோடு தவறாகப் போனாலும், சரக்கு என்ன என்பதை ஒளிக்காமல் எழுதியிருந்தால் “மறைத்தார்” என்று சொல்வது அவர்களுக்குக் கடினம்.

ஒரே சரக்கைத் தொடர்ந்து எடுப்பவர்கள் முன்கூட்டிய தீர்ப்புக்குப் போகலாம். 28எச் பிரிவு, மும்பையிலும் டெல்லியிலும் ஆணையம் இருக்கிறது, கட்டணம் 10,000 ரூபாய், விண்ணப்பித்து மூன்று மாதத்துக்குள் முடிவு. சட்டமோ உண்மையோ மாறாத வரை சில வருடங்கள் செல்லும். மில் ஸ்க்ரூவுக்கு நான் பரிந்துரைக்கும் வழி அதுவே.


கோவை ஹார்டுவேர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சப்ளையரிடம் பேசிவிட்டேன். ஜிப்சம் ஸ்க்ரூவை இந்தக் கன்டெய்னரிலிருந்து எடுத்துவிட்டோம். மலேசியா பேச்சு இல்லை. இன்வாய்ஸ் புதிதாக வருகிறது: ரூஃபிங் ஸ்க்ரூ 7318 14, சிப்போர்டு 7318 12, கோச் 7318 11 90, மெஷின் ஸ்க்ரூவும் போல்ட்டும் மில் ஸ்க்ரூவும் 7318 15, தனித்தனி அயிட்டமாக. ஒவ்வொன்றுக்கும் நிகர எடை, முனை வடிவம், மரை வகை, எந்தப் பொருளில் போடுவது, டின் எண். ஏற்றும் முன் ஒவ்வொன்றிலும் சில ஸ்க்ரூக்களைக் கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மில்காரர் 8448 இல்லை என்றதும் முகம் சுளித்தார். டியூட்டிச் சுமை 16.50 சதவீதம் என்று வைத்து விலை போட்டு ஆர்டரைத் திருத்திக் கொடுத்திருக்கிறார்.


ராயபுரம் புரோக்கர்:

சரியாகச் செய்திருக்கிறீர்கள். இரண்டு விஷயம் பாக்கி. சிம்ஸ் பதிவை இந்தப் புதிய இன்வாய்ஸை வைத்துப் போடுங்கள், பழைய புரோஃபார்மாவை வைத்து வேண்டாம். அப்புறம் எம்12 போல்ட்டுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரக் கட்டுப்பாடு. நட்டு, போல்ட், ஃபாஸ்ட்னர்களுக்கு 2023-இல் உத்தரவு வந்திருக்கிறது. அது எச்எஸ் கோட்டை மட்டும் வைத்து ஓடுவதில்லை, எந்த இந்தியத் தரத்தின் கீழ் பொருள் வருகிறது என்பதையும் பார்க்கும். சப்ளையரிடம் போல்ட்டின் கிரேடும் தர எண்ணும் வாங்கி அனுப்புங்கள், உத்தரவின் அட்டவணையோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். அதுவரை போல்ட் பெட்டிகளை ஏற்ற வேண்டாம் என்று சப்ளையரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.


கோவை ஹார்டுவேர்:

சொல்லிவிட்டேன் அண்ணே. கிரேடு 8.8 என்கிறார், டெஸ்ட் சான்றிதழோடு நாளை அனுப்புகிறாராம். வந்ததும் இங்கேயே போடுகிறேன்.